இணையத்தில் உடல்நல ஆதரவுச் சமூகம்: தொடங்குவது முதல் நிதி திரட்டுவது வரை

ஒரே நோயோடு வாழ்பவர்கள் இணையத்தில் கூடிப் பேச ஓர் இடம் அமைத்து, அதையே தொழிலாக நடத்த நினைக்கிறீர்களா? முதலில் இந்தத் தொழிலின் விசித்திரத்தைப் பார்த்துவிடுங்கள். கடையில் பொருளை வாங்குபவரே காசு கொடுக்கிறார். இங்கே ஆறுதல் தேடி வருபவர் ஒருவர், பதில் எழுதி அந்த இடத்தை உயிரோடு வைத்திருப்பவர் இன்னொருவர், பணம் தருபவர் மூன்றாமவர். முதல் இருவரும் நோயாளிகள் அல்லது அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள். மூன்றாமவர் பெரும்பாலும் மருந்து நிறுவனமாகவோ காப்பீட்டு நிறுவனமாகவோ அறக்கட்டளையாகவோ முதலீட்டாளராகவோ இருப்பார். இந்த மூவருக்கும் இடையே என்ன கொடுக்கல் வாங்கல் என்று ஆரம்பத்திலேயே எழுதி வைக்காதவர்கள்தான் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்தத் துறையில் பலரும் எடுத்துக்காட்டாகச் சொல்லும் நிறுவனம் பேஷன்ட்ஸ்லைக்மீ. ஸ்டீபன் ஹேவுட் என்ற அமெரிக்கருக்கு 1998-இல், 29 வயதில், ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோய் இருப்பது தெரிந்தது. அவருடைய சகோதரர்கள் ஜேமியும் பென்னும் நண்பர் ஜெஃப் கோலுடன் சேர்ந்து 2004-இல் இந்நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தரவு திருட்டு, வருமானம், முதலீடு, கட்டாய விற்பனை என்று இந்தத் தொழிலில் நடக்கக்கூடிய எல்லாமே அவர்களுக்கு நடந்தது. அதனால் கீழே அவர்கள் அடிக்கடி வருவார்கள்.

படி 1: நோயை அல்ல, ஆளைத் தேர்ந்தெடுங்கள்

"நீரிழிவு நோயாளிகளுக்கான சமூகம்" என்பது மிகவும் அகலமானது. முதல் வகை நீரிழிவு வந்த பத்து வயதுப் பிள்ளையின் அம்மாவும், அறுபது வயதில் இரண்டாம் வகை வந்தவரும் பேசிக்கொள்ள அதிகம் இல்லை. அந்த அம்மாவைப் போன்ற பெற்றோருக்கு மட்டும் என்று வையுங்கள். சட்டென்று பேச்சு ஓடத் தொடங்கும். பள்ளியில் ஊசி போடுவது யார், நடுராத்திரி சர்க்கரை இறங்கினால் பிள்ளையை எழுப்புவதா வேண்டாமா என்று கேள்விகள் தாமாகவே வரும்.

எந்த நோய்கள் இதற்குப் பொருந்தும்? நீண்ட காலம் இருக்க வேண்டும். அன்றாடம் சின்னச் சின்ன முடிவுகள் எடுக்க வைக்க வேண்டும். டாக்டர் தரும் சில நிமிடங்களில் தீராத சந்தேகங்கள் இருக்க வேண்டும். வெளியில் சொல்லக் கூச்சப்படும் நோய், அல்லது அதே நோய் உள்ள இன்னொருவரை நேரில் பார்க்கவே வாய்க்காத அரிய நோய் என்றால் தேவை இன்னும் கூர்மையாக இருக்கும். உடைந்த எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிடும், அதோடு உறுப்பினரும் போய்விடுவார். ஹெல்த் யூனியன் நிறுவனம் 2010-இல் ஒற்றைத் தலைவலிக்கு மட்டும் ஒரு சமூகத்தோடு தொடங்கி, அதன் பிறகே நோய்க்கு ஒன்றாகப் பெருக்கியது. அந்த வரிசையில் அர்த்தம் இருக்கிறது.

தேர்ந்தெடுத்ததும் இருபது முப்பது பேரிடம் பேசுங்கள். "இப்படி ஒரு தளம் வந்தால் சேர்வீர்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். யாரும் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். "கடைசியாக ராத்திரி தூக்கம் வராமல் ஃபோனில் எதைத் தேடினீர்கள்? பதில் கிடைத்ததா? அப்புறம் யாரைக் கேட்டீர்கள்?" என்று நடந்ததைக் கேளுங்கள். ஏற்கெனவே நாலு குழுக்களில் இருக்கிறார்கள், திருப்தியாகவும் இருக்கிறார்கள் என்றால் அந்த இடத்தில் உங்களுக்கு வேலை இல்லை. வேறு ஆளைத் தேடுங்கள்.

படி 2: செயலி கட்டுவதற்கு முன் சமூகத்தை நடத்திப் பாருங்கள்

செயலி கட்டப் பணம் கேட்டுக்கொண்டு முதலீட்டாளரிடம் போவதுதான் பலர் செய்யும் முதல் வேலை. வேண்டாம். வாரம் ஒரு வீடியோ சந்திப்பும், இடையில் எழுதிப் பேச ஓர் இடமும் இருந்தால் போதும், மூன்று மாதம் ஓட்டலாம். இணைய மன்றம் நடத்த டிஸ்கோர்ஸ் போன்ற திறமூல மென்பொருள்கள் (யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடியவை) இருக்கின்றன. சொந்த வழங்கியில் (சர்வரில்) நிறுவிக்கொண்டால் தரவும் உங்கள் கையில் இருக்கும்.

வாட்ஸ்அப் குழு எளிதுதான். ஆனால் சேர்ந்தவுடன் ஒருவரின் தொலைபேசி எண் மற்ற அனைவருக்கும் தெரிந்துவிடும். மனநலம், எச்.ஐ.வி., குழந்தையின்மை போன்றவற்றில் இது ஒன்றே பலரைத் தள்ளி நிறுத்தப் போதும். ஃபேஸ்புக் குழுவும் நீங்கள் நினைக்கும் அளவுக்கு மூடிய இடம் அல்ல. மார்பகப் புற்றுநோய் அபாயமுள்ள மரபணு மாற்றம் கொண்ட பெண்களின் மூடிய குழு ஒன்று அங்கே இருந்தது. அதன் உறுப்பினர் பட்டியலை வெளியாட்கள் எடுக்க முடிந்ததை 2018-இல் அதே சமூகத்துப் பெண்கள்தான் கண்டுபிடித்து வெளிப்படுத்தினார்கள். பிறகு அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. புனைபெயரில் சேரக்கூடிய இடத்தையே தேர்ந்தெடுங்கள்.

இந்த மூன்று மாதத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எண்ணுவதில் பெரிய பயன் இல்லை. கேட்ட கேள்விக்கு எத்தனை மணி நேரத்தில் முதல் பதில் வந்தது, முதல் வாரம் வந்தவர் நான்காம் வாரமும் வந்தாரா, உதவி பெற்றவர் இன்னொருவருக்கு உதவி எழுதினாரா என்ற மூன்றையும் பாருங்கள். மூன்றாவது நடக்கத் தொடங்கிவிட்டால் அது சமூகம். நடக்கவில்லை என்றால் நீங்கள் இலவச உதவி மையம் நடத்துகிறீர்கள்.

படி 3: எழுதுபவர்கள் சிலர்தான், அவர்களைத் தாங்கிப் பிடியுங்கள்

இணையச் சமூகங்களில் 90 பேர் படிப்பார்கள், 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார் என்று இணையதளப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2006-இல் எழுதினார். நான்கு உடல்நலச் சமூகங்களை ஆராய்ந்து 2014-இல் வெளிவந்த ஒரு கட்டுரையும் இதையே காட்டியது: பதிவுகளில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு, உறுப்பினர்களில் ஒரு சதவீதம் பேர் எழுதியவை.

அந்த ஒரு சதவீதம் யார் என்று பெயர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவருக்கு நோய் முற்றினால், அல்லது வேலை மாறினால், உங்கள் சமூகத்தின் குரலே பாதி அடங்கிவிடும். ஆகவே ஓர் ஆளை நம்பி இருக்காதீர்கள். புதியவர்களை வரவேற்பது, பழைய பதிவுகளைத் தேடித் தருவது, இரவு நேரப் பொறுப்பு என்று வேலைகளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கொடுங்கள். வாரத்துக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யும் நெறியாளருக்கு, அதாவது பதிவுகளைக் கண்காணித்து ஒழுங்குபடுத்துபவருக்கு, பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. தன்னார்வம் என்ற பெயரில் நோயாளிகளின் உழைப்பை வைத்துக்கொண்டு நிறுவனத்தின் மதிப்பை ஏற்றுவது நியாயமில்லை. அவர்களும் அதை ஒருநாள் கேட்பார்கள்.

எழுதாமல் படிப்பவர்களை விரட்டவும் வேண்டாம். நோய் தெரிந்த புதிதில் பலர் பல வாரம் படித்துக்கொண்டே இருப்பார்கள். "நீங்கள் இன்னும் எதுவும் பதிவிடவில்லை!" என்று தினமும் அறிவிப்பு அனுப்பினால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

படி 4: ஆபத்தான பதிவு வரும், அதற்கு முன்பே தயாராகுங்கள்

வலிப்பு நோயாளிகளின் சமூகம் ஒன்றில் ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வையுங்கள்: "மூணு நாளா மாத்திரையை நிறுத்திட்டேன். தலைசுற்றல் போயே போச்சு. இனிமே போடப் போறதில்லை." அடுத்த பத்து நிமிடத்தில் இரண்டு பதில்கள் வந்துவிடும். ஒன்று, "நானும் நிறுத்திட்டேன், ஒண்ணும் ஆகலை." இன்னொன்று, "பைத்தியமா உங்களுக்கு?" இரண்டுமே கெடுதல். நெறியாளர் பதிவையே அழித்துவிட்டால் அதைவிடக் கெடுதல், அவர் கோபித்துக்கொண்டு போய்விடுவார், மாத்திரையும் நின்றபடியே இருக்கும்.

நெறியாளர் எழுத வேண்டியது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: "தலைசுற்றலோடு ஒரு நாளைத் தள்ளுவது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே பலருக்குத் தெரியும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வரும் ஆபத்து உண்டு. அதனால் இன்றைக்கே உங்கள் டாக்டருக்கு ஃபோன் செய்து, நிறுத்தியதையும் தலைசுற்றலையும் சேர்த்துச் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவோ வேறு மருந்து தரவோ வழி இருக்கலாம். அவர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருக்கிறோம்." கஷ்டத்தை ஒப்புக்கொண்டு, ஆபத்தைச் சொல்லி, இன்றைக்கே செய்ய வேண்டிய ஒன்றைச் சொல்லி, திரும்பி வரக் கதவைத் திறந்து வைக்கிறது. "நானும் நிறுத்திட்டேன்" என்றவருக்குத் தனியாக ஒரு செய்தி போக வேண்டும்.

இதிலிருந்தே உங்கள் முதல் விதி வந்துவிடும். "நான் இதைச் செய்தேன், எனக்கு இப்படி ஆனது" என்று எழுதலாம். "நீங்கள் இதைச் செய்யுங்கள்" என்று மருந்து, அளவு, நிறுத்துவது பற்றி எழுதக் கூடாது. விதிகளை ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். யாரும் படிக்காத பத்துப் பக்க விதிமுறை வழக்கறிஞருக்கு உதவும், உறுப்பினருக்கு உதவாது.

தற்கொலை எண்ணத்தைச் சொல்லும் பதிவுகளுக்குத் தனி நடைமுறை எழுதி வையுங்கள். யார் முதலில் பதில் எழுதுவது, நாட்டுக்கு நாடு எந்த உதவி எண்ணைத் தருவது, எந்தக் கட்டத்தில் அவசர சேவையை அழைப்பது, யார் அழைப்பது. வழிமுறையை விவரிக்கும் வரிகளை மட்டும் உடனே மறைக்க வேண்டும், அது படிப்பவர்களையும் பாதிக்கும். உண்ணுதல் குறைபாடு உள்ளவர்களின் குழுவில் எடை, கலோரி எண்களைத் தவிர்ப்பதும் இதே காரணத்தால்தான்.

ஆள் செலவைக் குறைக்க செயற்கை நுண்ணறிவை வைத்துவிடலாம் என்று தோன்றும். அமெரிக்காவின் தேசிய உண்ணுதல் குறைபாடுகள் சங்கத்தின் டெஸ்ஸா என்ற உரையாடல் மென்பொருள், உதவி கேட்டவர்களுக்கு எடை குறைக்கும் ஆலோசனை தந்ததால் 2023-இல் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஜனவரியில் கோகோ என்ற சக ஆதரவுச் சேவை, சுமார் 4,000 பேருக்கான பதில்களை எழுத ஜிபிடி-3 என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளைப் பயன்படுத்திப் பார்த்ததாக அதன் நிறுவனர்களில் ஒருவரே சொன்னபோது பெரும் எதிர்ப்பு கிளம்பியது. பதிவுகளைத் தரம் பிரிக்க, அவசரமானதை நெறியாளரின் கண்ணுக்கு முன்னால் கொண்டுவர இந்தக் கருவிகள் நல்லவை. ஆறுதல் சொல்வதை மனிதரிடமே விடுங்கள். மனிதர் தருவார் என்று நம்பித்தான் வருகிறார்கள்.

படி 5: தரவு

"நோயாளித் தகவலுக்குத்தான் ஹிப்பா சட்டம் இருக்கிறதே" என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் அந்தச் சட்டம் மருத்துவமனை, காப்பீட்டு நிறுவனம், அவர்களுக்காக வேலை செய்பவர்கள் ஆகியோரைத்தான் கட்டுப்படுத்தும். நோயாளிகள் தாங்களாக வந்து எழுதும் சமூகம் பெரும்பாலும் அதற்கு வெளியே நிற்கிறது. அதற்காக நிம்மதியாக இருந்துவிட முடியாது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023-இல், மருந்து விலைத் தள்ளுபடிச் சேவை நடத்தும் குட்ஆர்எக்ஸ் நிறுவனத்துக்கு 15 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அதே ஆண்டில் இணைய ஆலோசனை நிறுவனமான பெட்டர்ஹெல்ப் 78 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. இரண்டிலும் புகார் ஒன்றுதான்: வெளியே சொல்லமாட்டோம் என்று வாக்களித்துவிட்டு, பயனர்களின் உடல்நலத் தகவலை ஃபேஸ்புக் போன்ற விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பியது.

ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் உடல்நலத் தரவைத் தனி வகையாகவே வைத்து, வெளிப்படையான ஒப்புதல் போன்ற காரணம் இருந்தால்தான் தொட விடுகிறது. மீறினால் 2 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு வருமானத்தில் 4 சதவீதம், எது அதிகமோ அதுவரை அபராதம். வயதிலும் கவனம் தேவை. பெற்றோர் ஒப்புதல் தேவைப்படும் வயது அமெரிக்காவில் 13-க்குக் கீழ். ஐரோப்பாவில் 13 முதல் 16 வரை நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18-க்குக் கீழ். உங்கள் உறுப்பினர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது இது. உங்கள் அலுவலகம் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.

நடைமுறையில் செய்ய வேண்டியவை பெரிய வித்தை இல்லை. தேவையில்லாததைக் கேட்காதீர்கள். பிறந்த தேதிக்குப் பதில் வயதுப் பிரிவு, முகவரிக்குப் பதில் நாடு போதும். மின்னஞ்சல் ஓரிடத்திலும் பதிவுகள் வேறிடத்திலுமாகத் தனித்தனியே வைத்து, இரண்டையும் இணைக்கும் சாவியை மிகச் சிலரிடம் மட்டும் கொடுங்கள். உள்ளே நுழைந்தபின் தெரியும் பக்கங்களில் விளம்பர நிறுவனங்களின் கண்காணிப்புக் குறியீடு ஒன்றுகூட இருக்கக் கூடாது. சந்தைப்படுத்தல் ஆள் புதிதாக வந்ததும் முதலில் அதைத்தான் சேர்க்கப் பார்ப்பார், கண் வைத்திருங்கள்.

2010-இல் நீல்சன் என்ற சந்தை ஆய்வு நிறுவனத்தின் மென்பொருள் ஒன்று பேஷன்ட்ஸ்லைக்மீயின் மனநிலை பற்றிய மூடிய பகுதிக்குள் உறுப்பினர் போலப் பதிவு செய்து நுழைந்து, அங்கிருந்த பேச்சுகளை நகலெடுத்தது. பேஷன்ட்ஸ்லைக்மீ அதைக் கண்டுபிடித்துத் தடுத்தது, உறுப்பினர்களிடமும் சொன்னது. இதை விட மோசமானது பின்லாந்தின் வஸ்தாமோ உளசிகிச்சை நிறுவனத்தில் நடந்தது. திருடப்பட்ட சிகிச்சைக் குறிப்புகளை வைத்து 2020-இல் நோயாளிகளையே ஒவ்வொருவராக மிரட்டிப் பணம் கேட்டார்கள். மறு ஆண்டு அந்த நிறுவனம் திவாலானது.

படி 6: யார் பணம் தரப் போகிறார்கள்?

உறுப்பினர் சந்தாவில் இருந்து தொடங்குவோம். சுத்தமான வழி இதுதான், ஆனால் மெலிந்தது. நோய் வந்தவருக்கு ஏற்கெனவே செலவு அதிகம். சக உறுப்பினரின் பதிலைப் படிக்கக் காசு கேட்டால் பதில் எழுதும் ஆளும் குறைந்துபோவார். சமூகம் இலவசம், அதன் மேல் நிபுணர் வகுப்பு, தனிப்பட்ட ஆலோசனை ஆகியவற்றுக்குக் கட்டணம் என்ற அமைப்பு ஓரளவு ஓடும். 2013-இல் தொடங்கிய செவன் கப்ஸ், கேட்டு ஆறுதல் சொல்லும் தன்னார்வலர்களை இலவசமாகவும் சிகிச்சையாளர்களைக் கட்டணத்திலும் தந்தது.

தங்கள் ஊழியர்களுக்காக முதலாளிகளும், காப்பீட்டு நிறுவனங்களும் பணம் தருவார்கள். ஆனால் அவர்களுக்கு ஆதாரம் வேண்டும்: அவசரப் பிரிவுக்குப் போவது குறைந்ததா, மருந்தை ஒழுங்காக எடுக்கிறார்களா? இதை நிரூபிக்க ஓர் ஆய்வு நடத்த வேண்டும், ஒப்பந்தம் கையெழுத்தாக ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். கையில் அவ்வளவு காலத்துக்குப் பணம் இல்லாதவர் இந்த வழியை மட்டும் நம்பி இறங்கக் கூடாது.

பெரும்பணம் இருப்பது மருந்து நிறுவனங்களிடம்தான். 2005-இல் தொடங்கிய இன்ஸ்பயர், நோயாளி அமைப்புகளோடு கூட்டு வைத்துச் சமூகங்களை நடத்தி, மருந்து ஆய்வுகளுக்குத் தகுந்த ஆட்களைக் கண்டுபிடித்துத் தருவது போன்ற சேவைகளால் சம்பாதித்தது. பேஷன்ட்ஸ்லைக்மீ அடையாளம் நீக்கிய தரவை மருந்து நிறுவனங்களுக்கு விற்றது. அதை மறைக்காமல் தளத்திலேயே எழுதியும் வைத்திருந்தது. அந்தத் தரவால் நல்லதும் நடந்தது. ஏ.எல்.எஸ். நோயை லித்தியம் என்ற மருந்து மெதுவாக்கும் என்று 2008-இல் ஒரு சிறிய இத்தாலிய ஆய்வு சொன்னதும், உறுப்பினர்கள் பலர் டாக்டரிடம் கேட்டு லித்தியம் எடுக்கத் தொடங்கினார்கள், தங்கள் நிலையைத் தளத்தில் பதிந்தும் வந்தார்கள். அப்படி எடுத்த 149 பேரின் தரவை மற்றவர்களோடு ஒப்பிட்டதில் பயன் எதுவும் இல்லை என்று தெரிந்தது. 2011-இல் அது நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வெளியானது.

மருந்து நிறுவனத்தோடு பேசப் போகும் முன் பக்க விளைவு அறிக்கை பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். அடையாளம் காணக்கூடிய நோயாளி, தகவல் தந்தவர், மருந்து, நேர்ந்த பாதிப்பு ஆகிய நான்கும் தெரிந்தால் மருந்து நிறுவனம் அதைக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் சொல்லும் கடமை வந்துவிடுகிறது. கடுமையான, எதிர்பாராத பாதிப்பு என்றால் அமெரிக்காவில் 15 நாள் கெடு. நோயாளிகள் கூடும் இடத்தில் இத்தகைய பேச்சு தினமும் வரும். அதனால்தான் மருந்து நிறுவனத்தின் சட்டப் பிரிவு உங்களைப் பார்த்துத் தயங்கும். மருந்து நிறுவனத்தின் பொறுப்பில் நடக்கும் பகுதி எது, உங்கள் பொறுப்பில் மட்டும் நடப்பது எது என்று கோடு கிழித்து, முதல் வகையில் வரும் பாதிப்புகளை எந்தக் கெடுவுக்குள் தெரிவிப்பீர்கள் என்பதையும், நெறியாளர்களுக்கு என்ன பயிற்சி தந்திருக்கிறீர்கள் என்பதையும் எழுதிக்கொண்டு போனால் பேச்சு பாதியிலேயே முறியாது.

ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை சில உண்டு. தனிப் பதிவுகளை அவர்கள் பார்க்கக் கூடாது, தொகுத்த எண்கள் மட்டும் போகும். ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கீழான குழுவின் தகவல் போகவே போகாது. அரிய நோயில் வயது, ஊர், மருந்து மூன்றும் சேர்ந்தாலே பெயர் தெரிந்துவிடும் அல்லவா? ஒரு மருந்தைக் குறை சொல்லும் பதிவை நீக்கச் சொல்லும் உரிமை அவர்களுக்குக் கிடையாது. கட்டணம் நிலையான தொகை. எத்தனை பேர் அந்த மருந்துக்கு மாறினார்கள் என்ற கணக்கில் அல்ல. ஒரே நிறுவனத்தின் பணம் உங்கள் வருமானத்தில் பாதியைத் தாண்டினால் இதையெல்லாம் காகிதத்தில் மட்டும்தான் வைத்திருக்க முடியும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதை உறுப்பினர் சேரும் பக்கத்திலேயே, நாலு வரியில், எளிய மொழியில் எழுதுங்கள். நெருக்கடியில் இருப்பவர்களுக்குக் குறுஞ்செய்தி வழியே உதவும் க்ரைசிஸ் டெக்ஸ்ட் லைன், பெயர் நீக்கிய உரையாடல் தரவைத் தன்னோடு தொடர்புடைய லாப நிறுவனம் ஒன்றுக்குத் தந்து வந்தது 2022 ஜனவரியில் செய்தியானது. சட்டப்படி சரி என்றார்கள். ஆனாலும் சில நாட்களிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

படி 7: எந்த வடிவில் பதிவு செய்வது?

மானியமும் நன்கொடையும்தான் முக்கிய வருமானம் என்றால் லாப நோக்கற்ற அமைப்பு. விற்கும் சேவை தெளிவாக இருந்தால் நிறுவனம். சமூகத்தை அறக்கட்டளை வைத்துக்கொண்டு, மென்பொருளையும் ஆய்வுச் சேவையையும் தனி நிறுவனம் நடத்துவதும் உண்டு. கணக்கு வழக்கு இரட்டிப்பாகும், இரண்டுக்கும் இடையே பணம் எப்படிப் போகிறது என்ற கேள்வியும் வரும். சில நாடுகளில் பொதுநல நோக்கத்தை அமைப்புச் சாசனத்திலேயே எழுதிக்கொள்ளும் நிறுவன வகை இருக்கிறது. இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். முதலீட்டாளர் நெருக்கும்போது அந்த வரி கைகொடுக்கும்.

படி 8: நிதி திரட்டுதல்

முதலில் செலவைப் போடுங்கள். வழங்கிச் செலவு சிறியது. பெரிய செலவு நெறியாளர் சம்பளம், பாதுகாப்புச் சோதனை, வழக்கறிஞர், ஆலோசனை தரும் டாக்டர். பதினெட்டு மாதத்துக்குக் கணக்கிட்டு, அந்தக் காலத்துக்குள் எதை நிரூபிக்கப் போகிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள். "ஒரு சமூகம் தானாக இயங்குகிறது, ஒருவர் பணம் கட்டிவிட்டார்" என்பது முதல் கட்டத்துக்குப் போதுமான இலக்கு.

பங்கு கொடுக்காமல் கிடைக்கும் பணத்தை முதலில் தேடுங்கள். நோய் சார்ந்த அறக்கட்டளைகள், பொது சுகாதார மானியங்கள், பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஆய்வு நிதி, போட்டிப் பரிசுகள். மானிய விண்ணப்பம் எழுதுவது சலிப்பான வேலைதான். ஆனால் "இந்த அறக்கட்டளை எங்களைச் சோதித்துப் பார்த்துப் பணம் தந்தது" என்ற ஒரு வரி அடுத்த வாசல்களைத் திறக்கும். கூட்டு நிதி திரட்டல் செய்யலாம், ஆனால் உங்கள் உறுப்பினர்களையே குறிவைத்துக் கையேந்தாதீர்கள்.

அதற்கு அடுத்து தனிநபர் முதலீட்டாளர்கள். இதே நோயைத் தன் குடும்பத்தில் பார்த்தவர், இந்தத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஆகியோர்தான் பொறுமையாக இருப்பார்கள். இந்தக் கட்டத்தில் சேஃப் என்ற ஒப்பந்தம் பரவலாகப் பயன்படுகிறது. புதிய நிறுவனங்களுக்கு முதல் பணம் தரும் ஒய் காம்பினேட்டர் 2013-இல் அறிமுகப்படுத்தி 2018-இல் மாற்றி அமைத்தது அது. இன்று பணம் வாங்குவீர்கள், பணம் தந்தவருக்குப் பங்கு பின்னால் முறையான முதலீட்டுச் சுற்று நடக்கும்போது கிடைக்கும். புதிய வடிவில் கணக்கு எளிது. நிறுவன மதிப்பின் உச்சவரம்பு 40 லட்சம், வாங்கியது 4 லட்சம் என்றால் அவருக்குப் 10 சதவீதம். ஆறு மாதம் கழித்து 60 லட்சம் வரம்பில் இன்னொருவரிடம் 6 லட்சம் வாங்கினால் இன்னொரு 10 சதவீதம். இந்த இருபதும் முழுக்க நிறுவனர்களின் பங்கிலிருந்து போகிறது. அடுத்து வரும் சுற்றில் 20 சதவீதம் விற்றால் உங்கள் கையில் 64. ஊழியர்களுக்கு ஒதுக்குவது இதற்கு மேல். ஒவ்வொன்றாகக் கையெழுத்திடும்போது வலிக்காது, மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே முதல் கையெழுத்துக்கு முன்பே அட்டவணையைப் போட்டு வையுங்கள்.

துணிகர முதலீடு? பெரும்பாலான உடல்நலச் சமூகங்களுக்கு அது பொருந்தாது என்பேன். அந்த நிதிகள் சில ஆண்டுகளில் பல மடங்காகத் திரும்ப வேண்டும் என்ற கணக்கில் ஓடுகின்றன. நம்பிக்கையோ மெதுவாகத்தான் வளரும். அவசரப்படுத்தினால் உறுப்பினர் எண்ணிக்கையை ஊதிப் பெருக்குவீர்கள், அல்லது தரவை விற்பீர்கள். பல நோய்களுக்கு விரிக்கக்கூடிய தளமும், ஏற்கெனவே கட்டணம் கட்டும் வாடிக்கையாளர்களும் இருந்தால் மட்டும் போய்ப் பாருங்கள். போனால், பதிவு செய்தோர் எண்ணிக்கையை முதல் பக்கத்தில் போடாதீர்கள். பதில் கிடைக்காமல் போன கேள்விகள் எத்தனை சதவீதம், மூன்று மாதம் கழித்தும் வருபவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் மற்றவர்களுக்கு உதவுகிறார்கள், ஒரு வாடிக்கையாளரிடமிருந்து ஆண்டுக்கு எவ்வளவு வருகிறது என்பவைதான் விவரம் தெரிந்த முதலீட்டாளரை உட்கார வைக்கும். "ஆபத்தான பதிவு வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்காத முதலீட்டாளரைப் பற்றி நான் கொஞ்சம் யோசிப்பேன்.

முதலீட்டாளர் யார் என்பதும் முக்கியம். பேஷன்ட்ஸ்லைக்மீ 2017-இல் சீனாவின் ஐகார்பன்எக்ஸ் நிறுவனத்தின் தலைமையில் 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. வெளிநாட்டு முதலீடுகளைப் பரிசீலிக்கும் அமெரிக்க அரசுக் குழு, உடல்நலத் தரவு தொடர்பான பாதுகாப்புக் கவலையால் அந்தப் பங்கை விற்கச் சொன்னது. 2019-இல் நிறுவனம் யுனைடெட்ஹெல்த் குழுமத்தின் கைக்குப் போனது. நோயாளிகள் கூடிய இடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் சேர்ந்ததைப் பற்றி உறுப்பினர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே முதலீட்டு ஒப்பந்தத்தில் இதைச் சேருங்கள்: உறுப்பினர் தரவை விற்கவோ, நிறுவனத்தோடு சேர்த்து வேறொருவர் கைக்கு மாற்றவோ நேர்ந்தால், உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பு போக வேண்டும், தம் பதிவுகளை எடுத்துக்கொண்டு அழிக்க அவகாசம் தரப்பட வேண்டும், வாங்குபவர் பழைய வாக்குறுதிக்குக் கட்டுப்பட வேண்டும். மரபணுப் பரிசோதனை நிறுவனமான 23அண்ட்மீ 2025 மார்ச்சில் திவால் மனு போட்டபோது, கோடிக்கும் மேற்பட்டவர்களின் தரவு யார் கைக்குப் போகும் என்பதே பெரிய வழக்கானது.

படி 9: மூடவும் ஒரு திட்டம்

தொடங்கும்போதே இதைப் பேசுவது அபசகுனம் போலத் தோன்றலாம். ஆனாலும் எழுதிவிடுங்கள். 2007-இல் தொடங்கிய டியூடயபடீஸ் சமூகத்தை நடத்திவந்த டயபடீஸ் ஹேண்ட்ஸ் ஃபவுண்டேஷன் 2017-இல் தன் பணிகளை முடித்துக்கொண்டபோது, சமூகத்தை பியாண்ட் டைப் 1 என்ற இன்னொரு லாப நோக்கற்ற அமைப்பிடம் ஒப்படைத்தது. பத்தாண்டுப் பேச்சும் அதை எழுதியவர்களும் நடுத்தெருவில் விடப்படவில்லை.

உங்கள் திட்டம் ஒரு பக்கம் இருந்தால் போதும். வங்கியில் எத்தனை மாதச் செலவுக்கான பணம் மிஞ்சும்போது மூடும் முடிவை எடுப்பீர்கள்? ஆறு மாதம் என்பது நியாயமான எண். எந்த அமைப்பிடம் ஒப்படைக்கப் பேசி வைத்திருக்கிறீர்கள்? அப்படி யாரும் இல்லை என்றால் பழைய பதிவுகள் படிக்க மட்டும் எத்தனை நாள் திறந்திருக்கும், பிறகு எப்போது அழிக்கப்படும்? காப்புப் பிரதிகளும் அதில் சேரும், அவற்றைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கடைசியாக, அந்தச் செய்தியை உறுப்பினர்களுக்கு யார் எழுதுவது என்பதையும் பெயர் போட்டு வையுங்கள். நிறுவனர்களில் ஒருவராகவே அது இருக்கட்டும்.